மாமாவின் ஐம்பது இலட்சமும் செக் பக்கமும்

கேள்வி: எனக்கு வயது 28, வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளுக்கென்று ஒரு செயலி செய்திருக்கிறோம். பில், இருப்பு, கடன், செக் நான்கும் அதில் உண்டு. மூன்று மொழியிலும் வேலை செய்யும். 40 கடைகளில் இலவசமாகப் போட்டுக் கொடுத்தோம். எட்டு மாதம் கழித்து 11 கடைகள்தான் தினமும் பாவிக்கின்றன, அவர்களும் அதிகம் திறப்பது செக் பக்கத்தைத்தான். மாமா ஒருவர் 50 இலட்சம் ரூபா தருகிறேன், 40 வீதப் பங்கு தாருங்கள் என்கிறார். அதை வாங்கிக்கொண்டு மூவரும் வேலையை விடலாமா? பங்கை மூன்றாகச் சமமாகப் பிரிக்கலாமா? ஒரு நண்பன் இன்னும் ஆறு மாதத்துக்கு வேலையை விடமாட்டான். கடன் கட்டாத கடைக்காரரின் பெயர்களை எல்லாக் கடைகளுக்கும் காட்டும் வசதி ஒன்றும் செய்ய நினைக்கிறோம். என்னிடம் 12 இலட்சம் சேமிப்பு இருக்கிறது, வீட்டுக்கு மாதம் 90,000 வேண்டும்.
— பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்: உங்கள் கடிதத்தில் அரை வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போன விடயம்தான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெறுமதியானது. 11 கடைகளும் அதிகம் திறப்பது செக் பக்கத்தை. யாரும் பின்னால் நின்று சொல்லிக் கொடுக்காமல், புறக்கோட்டையில் ஒரு கணக்கப்பிள்ளை காலையில் கடை திறந்த கையோடு ஒரு திரையைத் தானாகத் தேடிப் போகிறார் என்றால், அவருடைய தலையிடி அங்கே இருக்கிறது. வேலையை விடுவதா, மாமாவின் காசை எடுப்பதா, பங்கை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் அதிலிருந்துதான் விடை வரவேண்டும். ஆகவே நீங்கள் கேட்ட ஒழுங்கைத் திருப்பிப் போடுகிறேன்: முதலில் கடைக்காரரிடம் காசு வாங்குங்கள், அடுத்து உங்கள் மூவருக்குள் எழுத்து, மாமா கடைசி.

மொத்த வியாபாரம் கடனில் ஓடுகிறது, அந்தக் கடன் பின்திகதி போட்ட செக்கில் ஓடுகிறது. ஹற்றனிலோ கிளிநொச்சியிலோ இருக்கும் சில்லறைக் கடைக்காரர் 60 நாள் தள்ளித் திகதி போட்டு ஒரு செக் தருகிறார். அது மேசை இலாச்சிக்குள் கிடக்கிறது. சிலவேளை அதே செக்கை முதலாளி தனக்குச் சரக்குத் தந்த இறக்குமதிக்காரரிடம் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். திகதிக்கு முன் போட்டால் வங்கி திருப்பி அனுப்பும். பிந்திப் போட்டால், இடையில் அந்தக் கணக்கில் இருந்த காசு வேறு செக்குக்குப் போயிருக்கும். ஆறு மாதம் தாண்டினால் செக் காலாவதி. ஒரு செக் திரும்பினால் அதை நம்பிக் கொடுத்த இன்னொரு செக்கும் திரும்பும். கொப்பியிலும் ஞாபகத்திலும் இதை வைத்துக்கொண்டு ஒரு கடை தினமும் இழுபடுகிறது. பில் அடிக்க ஆயிரம் மென்பொருள் இருக்கிறது. இந்த இழுபாட்டைப் புறக்கோட்டையின் வழக்கப்படி கையாள்கிற ஒன்றை நீங்கள் செய்தால் அதற்குக் காசு தருவார்கள்.

எனவே இருப்புப் பகுதியில் புதிதாக எதையும் கட்டாதீர்கள். அடுத்த எட்டு வாரமும் செக் பக்கத்துக்கே. அதில் நான்கு காரியங்கள் வேண்டும்.

ஒன்று, பதிவதில் வேகம். செக்கின் அடியிலுள்ள காந்த மை வரியில் 6 இலக்க செக் இலக்கம், 4 இலக்க வங்கிக் குறியீடு, 3 இலக்கக் கிளைக் குறியீடு, கணக்கு இலக்கம் எல்லாம் இருக்கின்றன. ஃபோன் கமெராவால் அதை வாசித்தால் கணக்கப்பிள்ளை தட்டச்சு செய்யவேண்டியது தொகையும் திகதியும் மட்டும். செக் இலக்கத்தை மட்டும் அடையாளமாக வைத்தால் இரண்டு வங்கிகளின் செக் ஒரே இலக்கத்தில் வந்து மோதும். வங்கி, கிளை, கணக்கு, செக் இலக்கம் நான்கும் சேர்ந்ததுதான் அடையாளம்.

இரண்டு, செக் இப்போது யார் கையில் என்ற நிலை. இலாச்சியில், வங்கியில் போட்டாயிற்று, இறக்குமதிக்காரரிடம் மாற்றியாயிற்று, காசாகியது, திரும்பியது. இந்த ஐந்துக்கு மேல் வேண்டாம். ‘மாற்றியாயிற்று’ என்ற நிலையை வெளியூரில் செய்த எல்லா மென்பொருள்களிலும் எதிர்பார்க்க முடியாது. நீங்கள் அதை வைத்திருந்தால் அதுவே உங்கள் பலம்.

மூன்று, விடுமுறை நாட்காட்டி. நம் நாட்டில் பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை மூன்றும் வேறு வேறு. வங்கி மூடி, கடை திறந்திருக்கும் நாட்கள் உண்டு. போயா நாளுக்குத் திகதி போட்ட செக்கை அடுத்த வங்கி நாளுக்குத் தள்ள வேண்டும். ரம்ழான் பண்டிகை பிறை பார்த்து ஒருநாள் தள்ளிப் போகலாம். அதனால் நாட்காட்டியைச் செயலிக்குள் புதைக்காமல் சேர்வரிலிருந்து மாற்றக்கூடியதாக வையுங்கள். தவறான நாளில் ஒரே ஒரு தடவை நினைவூட்டல் போனால் போதும், அந்தக் கடை மீண்டும் கொப்பிக்குப் போய்விடும்.

நான்கு, பில் போடும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. முன்பு செக் திரும்பிய வாடிக்கையாளருக்கு மறுபடி சரக்கு ஏற்றப் போகும்போது, சுமை தூக்கும் நாட்டாமையின் வண்டியில் மூட்டை ஏறுவதற்கு முன் முதலாளியின் ஃபோனுக்கு அது தெரிய வேண்டும். ஏறிய பிறகு தெரிந்தால் பயனில்லை.

இனி விலை. ஓர் உதாரணக் கணக்கைக் கடைக்காரர் முன்னால் வைத்து, அவருடைய எண்களைப் போட்டுச் செய்யுங்கள். மாதம் 20 செக் பத்து நாள் பிந்தி வங்கிக்குப் போகிறது, செக் ஒன்று சராசரி 75,000 என்றால் 15 இலட்சம் பத்து நாள் முடங்குகிறது. வங்கி மேலதிகப்பற்றுக்கு (ஓவர்டிராஃப்ட்) வருட வட்டி 14 வீதம் என்று வைத்தால் அந்த முடக்கத்தின் செலவு 5,750 ரூபாவைத் தொடும். செக் திரும்பிய ஆளுக்கு மறுபடி சரக்கு அனுப்பிய நட்டம் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கை அவரே செய்து பார்த்தால் மாதம் 6,000 என்பது கேட்கக்கூடிய தொகை. 1,500 என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த விலையில் ஒரு தடவை கடைக்கு நேரில் போய்வரும் செலவே உங்களைத் தின்றுவிடும், பிறகு ஏற்றவும் முடியாது.

கேட்கும் முறைக்கு வருவோம். இலவசம் முடியும் திகதியை 11 கடைக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரமும், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, டிசம்பர் வியாபார வாரங்களும் தவிருங்கள். மூன்று மாதக் கட்டணம் 18,000 ரூபாவை முன்கூட்டிக் கேளுங்கள். விலை குறைக்கக் கேட்டால் விலையைக் குறைக்காமல் வேலையைக் கூட்டிக் கொடுங்கள்: இலாச்சியில் உள்ள அத்தனை செக்கையும் ஒரு பின்னேரம் நீங்களே இருந்து பதிந்து தருவதாகச் சொல்லுங்கள். அந்த ஒரு பின்னேரத்தில் கடையைப் பற்றி நீங்கள் அறிவது ஆறு மாதக் கூட்டங்களில் கிடைக்காது.

கணக்கப்பிள்ளையை மறக்காதீர்கள். காசு கொடுப்பவர் முதலாளி, தொடுபவர் கணக்கப்பிள்ளை. தன் வேலைக்கு ஆபத்து என்று அவர் நினைத்தால் ‘இது சரிவராது முதலாளி’ என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். மாத முடிவில் வங்கிக் கூற்றோடு கொப்பியை ஒத்துப் பார்க்க அவர் எத்தனை இரவு இருக்கிறார் என்று கேளுங்கள். அந்த இரவுகளைக் குறைத்துக் காட்டினால் அவர் உங்கள் ஆள்.

பழகிய மனிதரிடம் காசு கேட்கக் கூச்சமாக இருக்கும். பொறியியலாளர்கள் பலர் அந்தக் கூச்சத்தில் இன்னொரு வசதியைக் கட்டப் போய்விடுகிறார்கள், கட்டுவது பாதுகாப்பாகத் தெரிகிறது. ‘பிறகு பாப்பம் தம்பி’ என்றால் இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். மனம் நோக வேண்டாம், ஆனால் ஏன் என்று அங்கேயே கேட்டு அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் 11 கடைகளில் ஆறோ அதற்கு மேலோ காசு தந்தால் உங்களிடம் ஒரு வியாபாரம் ஆரம்பித்திருக்கிறது. இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் என்றால் விலையோ செக் பக்கமோ இன்னும் சரியில்லை, வேலையில் இருந்துகொண்டே திருத்துங்கள். ஒன்று அல்லது ஒன்றுமே இல்லை என்றால் நிறுத்துங்கள். அந்த நிலையில் 50 இலட்சம் வந்தாலும் அது இதே முடிவை ஒரு வருடம் தள்ளிப்போடுவதற்குத்தான் உதவும்.

விட்டுப்போன 29 கடைகளுக்கும் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ‘பிடித்திருந்ததா?’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லாயிருந்தது என்றுதான் சொல்வார்கள். கடைசியாகத் திறந்த நாள் உங்கள் சேர்வர் பதிவில் இருக்கிறது. அந்த நாளில் என்ன நடந்தது என்று கேளுங்கள். புறக்கோட்டை மாதிரி இடங்களில் பெரும்பாலும் சிக்கும் மூன்று இடங்களைச் சொல்லி வைக்கிறேன், நீங்கள் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதலாவது பில் பிரின்டர். மலிவான தேர்மல் பிரின்டர்களுக்குள் இருக்கும் எழுத்து அட்டவணையில் தமிழோ சிங்களமோ பொதுவாக இருப்பதில்லை. அதனால் பில்லை எழுத்தாக அனுப்ப முடியாமல் படமாக அனுப்புகிறீர்கள். 80 மில்லிமீட்டர் தாளில் ஒரு வரிசைக்கு 576 புள்ளி, அதாவது 72 பைட். ஓர் எழுத்து வரிக்கு 30 புள்ளி உயரம் வைத்தால் 40 வரிப் பில் 86,400 பைட் ஆகிறது. யூஎஸ்பியில் அது பிரச்சினையில்லை. ஆனால் பழைய சீரியல் கேபிளில் 9,600 வேகத்தில் வைத்திருந்தால் ஒரு பில்லுக்கு 90 விநாடி. வெளியே லொறி நிற்கிறது, உள்ளே மூன்று பேர் காத்திருக்கிறார்கள், யார் 90 விநாடி பொறுப்பார்? தீர்வு எளிது: இலக்கங்களையும் கோடுகளையும் பிரின்டரின் சொந்த எழுத்தில் அனுப்பி, பொருளின் பெயரை மட்டும் படமாக்குங்கள். அடிக்கடி வரும் பெயர்களின் படத்தைச் சேமித்தும் வைக்கலாம்.

இரண்டாவது, இணைப்பு இல்லாத நேரத்து பில் இலக்கம். ஒடுங்கிய குறுக்குத் தெருக்களின் பழைய கட்டடங்களில் உள்ளறைக்குள் சிக்னல் விழாது. இரண்டு ஃபோன்கள் இணைப்பில்லாமல் பில் போட்டால் இரண்டும் 1042 என்ற இலக்கத்தைத் தரும், பிறகு இணையும்போது ஒன்று மற்றதை விழுங்கும். பில் ஒன்று காணாமல் போனால் நம்பிக்கையும் போய்விடும். ஒவ்வொரு ஃபோனுக்கும் தனி முன்னெழுத்துக் கொடுங்கள்: க-1042, ச-1042. இணையும்போது எதையும் மேலெழுதாமல் இரண்டையும் வைத்திருங்கள்.

மூன்றாவது பழைய எழுத்துரு. கடையில் ஏற்கெனவே இருக்கும் பொருட் பட்டியல் பாமினியில் தட்டச்சு செய்தது, சிங்களம் எஃப்எம் அபயாவில் இருக்கும். அப்படியே உள்ளே இழுத்தால் அரிசியும் பருப்பும் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியபின் 50 பெயரையாவது கணக்கப்பிள்ளையோடு இருந்து கண்ணால் சரிபாருங்கள். கொம்பும் காலும் இடம்மாறுவது அங்கேதான்.

இப்போது வேலையை விடுவது பற்றி. மாமாவின் காசை வாங்கி மூவரும் விட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். மற்ற இருவருக்கும் உங்கள் அளவே தேவை என்று வைத்துக்கொள்வோம். கையில் 90,000 வர, ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிவதால், சம்பளம் ஏறக்குறைய 98,000 இருக்க வேண்டும். மூவருக்கு 294,000. கம்பனி தன் பங்குக்குச் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும், அது 44,100. சேர்வர் மாதம் 60 டொலர், டொலர் 300 என்று வைத்தால் 18,000. போக்குவரத்தும் ஃபோனும் 25,000. கணக்காளரும் கம்பனிச் செயலாளரும் 15,000. மொத்தம் 396,100. 50 இலட்சம் 12 மாதமும் கொஞ்சமும் தாங்கும். அடுத்த முதலீட்டைத் தேடிப் பேசி எழுதி முடிக்க ஆறு மாதம் எடுக்கும் என்று வைத்தால், உண்மையில் தயாரிப்பைப் பார்க்க உங்களிடம் இருப்பது ஆறு மாதம். ஒரு கடையின் 6,000இல் குறுஞ்செய்தி, போய்வரும் செலவு என்று 800 போனால் மீதி 5,200. இந்தச் செலவைச் சமாளிக்க 77 கடைகள் மாதாமாதம் காசு தர வேண்டும். இன்று காசு தரும் கடை ஒன்றுகூட இல்லை.

நீங்கள் ஒருவர் மட்டும் முதலில் விட்டால் அதே கணக்கு மாதம் 170,700க்கு இறங்குகிறது. ஆறு கடை காசு தந்தால் 31,200 உள்ளே வரும், கையைவிட்டுப் போவது 139,500. ஆக, ஆறு கடை காசு தந்த பிறகு நீங்கள் ஒருவர் விடுங்கள், மற்ற இருவரும் இரவும் வார இறுதியும் வேலை செய்யட்டும், 20 கடை வந்ததும் இரண்டாமவர் வரட்டும் என்பதே என் ஆலோசனை. உங்கள் 12 இலட்சத்தில் ஆறு மாத வீட்டுச் செலவான 540,000ஐத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அது கம்பனிக்குரிய காசே இல்லை. எந்தத் திகதிவரை முயல்வீர்கள், எந்த நிலையில் மறுபடி வேலை தேடுவீர்கள் என்று அம்மா அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அந்தக் கேள்வி வரும். அன்றைக்கு இருக்கும் மனநிலையில் விடை சொல்லப் போனால் தவறான முடிவு வாயில் வந்துவிடும்.

டொலரைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. 100 டொலர் சேர்வர் பில் 20,000இலிருந்து 36,000 ஆனது, வாடிக்கையாளர் தருவதோ ரூபாவில். வருட ஒப்பந்தத்தில் டொலர் இத்தனை வீதத்துக்கு மேல் ஏறினால் கட்டணம் திருத்தப்படும் என்று ஒரு வரி இருக்கட்டும். செக் படங்களைச் சேர்வரில் முழு அளவில் வைக்கவும் வேண்டாம், சுருக்கி வையுங்கள்.

பங்கு. மூவரும் சமம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பங்கை ஒரே நாளில் கையில் கொடுத்துவிடாதீர்கள். நான்கு வருடத்தில் சம்பாதித்துக்கொள்ளும் பங்காக வையுங்கள்: முதல் ஒரு வருடம் முடியும்வரை ஒன்றும் சொந்தமில்லை, வருடம் முடிந்ததும் கால்வாசி, பிறகு மாதத்துக்கு 48இல் ஒரு பங்கு. 10,000 பங்கில் ஆளுக்கு 3,000 எழுதி 1,000ஐ வரப்போகும் ஊழியர்களுக்காக ஒதுக்குங்கள். ஒருவர் 18 மாதத்தில் வெளிநாடு போகிறார் என்று வையுங்கள். இது நம் ஊரில் நடக்கவே நடக்கும். அவருக்கு 1,125 பங்கு, மீதி 1,875 மற்ற இருவருக்கும் திரும்பும். இந்த எழுத்து இல்லாவிட்டால் கனடாவில் இருக்கும் நண்பர் மூன்றிலொரு பங்கோடு இருப்பார், நீங்கள் இருவரும் அவருக்காகவும் உழைப்பீர்கள். நல்ல நட்பு உடைவது இந்த இடத்தில்தான். ஆறு மாதம் கழித்து வரும் நண்பனுக்கு அந்தக் கடிகாரம் அவன் முழுநேரமாக வரும் நாளிலிருந்து ஓடட்டும். அதுவரை செய்யும் இரவு வேலைக்கு அரை வேகத்தில் கணக்கிடலாம். இதை அவனிடம் இப்போதே முகத்துக்கு நேரே பேசுங்கள்.

திரும்பும் பங்கைக் கம்பனியே வாங்குவது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் சற்றுச் சிக்கலான வேலை. மற்றப் பங்குதாரர்கள் பெயரளவு விலைக்கு வாங்கும் உரிமை என்று பங்குதாரர் உடன்படிக்கையில் எழுதுவது இலகு. கம்பனி வேலை செய்து பழகிய சட்டத்தரணி ஒருவரைப் பிடியுங்கள், காணி உறுதி எழுதுபவர் போதாது. பதிவு இணையவழியில் நடக்கும்: பெயர் ஒதுக்கம், பிறகு படிவம் 1, ஒவ்வொரு பணிப்பாளருக்கும் படிவம் 18, செயலாளருக்குப் படிவம் 19, அமைப்பு விதிகள். பதிவு முடிந்து கம்பனி பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கும்வரை யாருடைய காசையும் உங்கள் தனிக் கணக்கில் வாங்காதீர்கள், மாமாவினதும் சேர்த்துத்தான். இணைய முகவரி, சேர்வர் கணக்கு, மூலநிரல் களஞ்சியம், பிளே ஸ்டோர் கணக்கு எல்லாம் கம்பனி மின்னஞ்சலுக்கு மாறட்டும். சின்னமும் திரைகளும் வரைந்து கொடுத்தவரிடம் உரிமையை மாற்றும் ஒரு பக்கக் கடிதம் கையெழுத்தோடு வாங்குங்கள்.

மாமாவின் 40 வீதம் வேண்டாம். காரணம் இதுதான்: 50 இலட்சத்துக்கு 40 வீதம் என்றால் காசு வந்தபின் கம்பனியின் மதிப்பு ஒரு கோடியே 25 இலட்சம், உங்கள் மூவருக்கும் ஆளுக்கு 20 வீதம். அடுத்த முதலீட்டாளர் 20 வீதம் எடுத்தால் நீங்கள் 16, மாமா 32. இன்னொரு சுற்றில் நீங்கள் 12.8, மாமா 25.6. இரவு பகலாக உழைப்பவரை விட இரண்டு மடங்கு பங்கு உழைக்காத ஒருவரிடம் இருக்கும் பட்டியலைப் பார்த்தவுடன் அனுபவமுள்ள முதலீட்டாளர் எழுந்து போய்விடுவார். பிறகு மாமாவிடம் போய்ப் பங்கைத் திருப்பிக் கேட்பது குடும்பத்தில் எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

அவரிடம் 15 இலட்சம் மட்டும் கேளுங்கள், அதுவும் ஆறு கடை காசு தந்த ரசீதுகளைக் காட்டிய பிறகு. பங்காக வேண்டாம், பங்காக மாறக்கூடிய கடனாக எழுதுங்கள்: அடுத்த முதலீடு வரும்போது அந்த விலையிலிருந்து 20 வீதக் கழிவில், அல்லது அவருடைய காசும் சேர்ந்த மதிப்பு ஒரு கோடியே 20 இலட்சம் என்ற உச்சவரம்பில், எது அவருக்கு நல்லதோ அதில் பங்காக மாறும். உச்சவரம்பில் மாறினால் அவருக்கு 12.5 வீதம். இரண்டு வருடத்தில் முதலீடு வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்ட அந்த வரியில்தான் சண்டை வரும்.

மாமாவிடம் மூன்று விடயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தக் காசு முழுவதும் போகலாம். இது அவருடைய ஓய்வுகாலக் காசோ மகளின் சீதனக் காசோ என்றால் நாங்கள் எடுக்கமாட்டோம். மாதம் ஒருதரம் எழுத்தில் கணக்கு வரும், ஆனால் யாரை வேலைக்கு எடுப்பது, என்ன கட்டுவது என்பதில் முடிவு எங்களுடையது. அம்மாவின் நகையையோ வீட்டு உறுதியையோ ஈடு வைக்கும் எந்தத் தாளிலும், தனிப்பட்ட உத்தரவாதத்திலும் நீங்கள் கையெழுத்திடக் கூடாது. இதைக் கேட்டும் அவர் 40 வீதத்தில் நின்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். 15 இலட்சம் இல்லாமலும் எட்டு வார வேலை நடக்கும், அதற்குக் காசு தேவையே இல்லை.

கடன் கட்டாதவர் பட்டியல் வசதியைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கடைக்காரர்கள் கைதட்டுவார்கள், உண்மைதான். ஆனால் ஒரு கடை தன் வாடிக்கையாளர் பெயரை உங்களிடம் நம்பித் தந்திருக்கிறது. அதை நீங்கள் பக்கத்துக் கடைக்குக் காட்டினால், நாளை தன்னுடைய பெயரையும் காட்டுவீர்கள் என்று ஒவ்வொருவரும் விளங்கிக்கொள்வார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வங்கிகளுக்குக் கடன் தகவல் தருவதற்கென்றே 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த கடன் தகவல் பணியகமும் இருக்கிறது. சரக்கில் பிழை என்று ஒருவர் வேண்டுமென்றே நிறுத்திய செக்கையும் உங்கள் பட்டியல் மோசடி என்று காட்டும், அவதூறு வழக்கு உங்கள் பெயரில் வரும். ஒரு கடைக்கு அதன் சொந்த வாடிக்கையாளரின் வரலாற்றை மட்டும் காட்டுங்கள். தரவு கடைக்காரருடையது, கேட்டால் அன்றே எக்செல் கோப்பாகத் தருவோம், விலகினால் அழிப்போம் என்று ஒரு தாளில் மும்மொழியிலும் அச்சடித்துக் கொடுங்கள். கணக்கு வெளியே போய்விடும் என்ற பயத்தில் பாதிச் செக்கைப் பதியாமல் விடுபவர்களுக்கு அந்தத் தாள் விளம்பரத்தை விடப் பெரிது. இறைவரித் திணைக்களத்துக்கு ஒரு கணக்கு, தனக்கு ஒரு கணக்கு என்று இரண்டு கொப்பி வைக்க உதவி கேட்பவரும் வருவார். அதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள், அந்த ஒரு வாடிக்கையாளரை இழந்தாலும் பரவாயில்லை.

ஞாயிறு இரவு மூவரும் அரை மணித்தியாலம் இருந்து நான்கு எண்ணை மட்டும் பாருங்கள்: வங்கியில் உள்ள காசு, காசு தரும் கடைகள், அந்த வாரம் பதிந்த செக்குகள், விட்டுப்போன கடைகளும் காரணமும். போட்டி மேடைகளுக்கும் அறிமுகக் கூட்டங்களுக்கும் இந்த எட்டு வாரமும் போகவேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அவசரம். உங்கள் மூவரின் வேலை நியமனக் கடிதங்களை இந்த வாரமே எடுத்து வாசியுங்கள். வேலையின் பகுதியாக ஊழியர் எழுதும் மென்பொருள், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி முதலாளிக்குப் போகும். வேலை நேரத்துக்கு வெளியே எழுதியதையும் தமதென்று கோரும் வாசகங்கள் சில கம்பனிக் கடிதங்களில் உண்டு, வெளிவேலையே கூடாது என்ற தடையும் இருக்கலாம். அலுவலக மடிக்கணினியிலோ அலுவலகக் கணக்கிலோ ஒரு வரி எழுதியிருந்தாலும் இன்றோடு நிறுத்தி, சொந்தக் கணினிக்கு மாறுங்கள். ஏற்கெனவே எழுதிய பகுதி எது, எப்போது, எந்தக் கணினியில் என்று திகதியோடு குறித்து அந்தச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். இன்னும் ஆறு மாதம் வேலையில் இருக்கப்போகும் நண்பனின் கடிதத்தை முதலில் பாருங்கள். ஆபத்து அதில்தான் அதிகம்.